கடலில் நின்ற மனிதனும் நான் படித்த இரண்டு மொழிகளும்

அருளம்பலம் ஐயா, நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

யாழ்ப்பாண வாரப் பத்திரிகையில் நீங்கள் எழுதிவரும் நீதிமன்ற நினைவுகளின் கடைசிப் பகுதியைச் சொல்கிறேன். முசலிக் கரையில் தரைதட்டிய நோர்வேக் கப்பலின் வழக்கில், உங்களுடைய சாமர்த்தியமான கேள்விகள்தான் உண்மையை வெளியே கொண்டுவந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். “பின்லாந்து மொழியையும் நோர்வே மொழியையும் ஒன்றாகப் படித்து, இரண்டிலும் அரைகுறையாகத் திரும்பிய இளைஞர் ஒருவரும் அன்று கோப்புகளோடு அங்கே நின்றார். அவரும் இரண்டொரு சொல் உதவினார்” என்று ஒரு வரி. அந்த இளைஞன் நான். என் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். சவிரிமுத்து. ஊர் தோட்டவெளி.

கொழும்புத் துறைமுகக் கந்தோரில் என்னிடம் வேலை பழகிய இருவர் அந்தப் பத்திரிகையை வெட்டி எனக்கு அனுப்பியிருந்தார்கள். “ஐயா, நீங்கள் எங்களுக்குச் சொன்ன கப்பல்தானே இது? கதை மாறிக் கிடக்கிறதே” என்று கேட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு நான் எதையும் எழுதியதில்லை. மற்றவர்கள் சொன்னதை இன்னொரு மொழியில் சொல்லித்தான் என் ஆயுள் போனது. சொந்தமாகச் சொல்ல இப்போதுதான் கோபம் வந்திருக்கிறது.

முதலில் அந்த “அரைகுறை”க்கு, பத்திரிகை வாசிப்பவர்களுக்கு என் பதில்.

அரசாங்கப் புலமைப்பரிசிலில் லண்டன் போனேன். ஆங்கிலமும் லத்தீனும் படித்துத் திரும்பி ஒரு நல்ல எழுதுவினைஞனாக வரவேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. பட்டத்துக்கு இன்னுமொரு ஐரோப்பிய மொழி வேண்டும் என்றார்கள். நோர்வே மொழியை எடுத்தேன். காரணம் சோம்பல். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு அதில் பாதிச் சொல் முகம் பழகியதாக இருக்கும் என்று ஒருவன் சொன்னான். அது உண்மைதான். ஆனால் அந்த மொழியில் சொல்லைத் தெரிந்தால் போதாது. பாடுகிறமாதிரி ஏற்றி இறக்கிச் சொல்லவேண்டும். அந்த ஏற்ற இறக்கம் என் வாயில் ஏற ஒரு வருடம் பிடித்தது.

அந்த வகுப்பு முடிந்ததும் அதே அறையில் பின்லாந்து மொழி வகுப்பு. வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் கணப்படுப்பு எரிந்தது. நான் எழுந்து போகவில்லை. மன்னார்க்காரன் ஒருவன் பின்லாந்து மொழி படித்த வரலாறு இந்த அடுப்பில்தான் தொடங்குகிறது. வேறு பெரிய நோக்கம் எதுவும் இருக்கவில்லை.

இரண்டு மொழிகளையும் ஒரே பெண்மணிதான் படிப்பித்தார். தாய் பின்லாந்து, தகப்பன் நோர்வே. அன்று கரும்பலகையில் “மினுல்லா ஒன் வெனே” என்று எழுதினார். இந்த மொழியில் ‘நான் ஒரு வள்ளத்தை உடையேன்’ என்று சொல்லமுடியாது, ‘என்னிடம் ஒரு வள்ளம் இருக்கிறது’ என்றுதான் சொல்லவேண்டும் என்று விளக்கினார். மூன்று ஆங்கிலேய மாணவர்கள் தலையைச் சொறிந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கரையில் வேறு எப்படிச் சொல்வார்கள்? ‘தலோ’ என்றால் வீடு. ‘தலோஸ்ஸா’ வீட்டில். ‘தலோஸ்தா’ வீட்டிலிருந்து. நாங்கள் செய்வதுபோலவே உருபைச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். பிறகு ‘துலி’, ‘தூலி’, ‘துல்லி’ என்று மூன்று சொற்கள் எழுதினார். நெருப்பு, காற்று, சுங்கம். ஆங்கிலேயருக்கு மூன்றும் ஒன்றாகக் கேட்டன. படு, பாடு, பட்டு என்று வித்தியாசம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது என்ன பெரிய காரியம்? நான் கையை உயர்த்தி மூன்றையும் சொன்னேன். “நீர் யார்? இந்த வகுப்பில் உமது பெயர் இல்லையே” என்றார். அடுப்புக்காக இருந்தேன் என்றேன். அடுத்த வாரமும் அடுப்பு எரியும் என்றார்.

ஆனால் பல்கலைக்கழகக் கந்தோர் மறித்தது. புதிதாகத் தொடங்கும் இரண்டு மொழிகளை ஒரே வருடத்தில் எடுக்க விதியில் இடமில்லையாம். ஐந்து தரம் போய் நின்றேன். “இதுவரை எந்த மாணவனும் இப்படிக் கேட்டதில்லை” என்றார் அங்கிருந்த எழுதுவினைஞர். “இப்போது ஒருவன் கேட்கிறான்” என்றேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார்கள். ஒன்றில் தவறினால் இரண்டும் தள்ளுபடி.

ஒன்றாகப் படிப்பது என்ன என்று படித்தவனுக்குத்தான் தெரியும். இரண்டும் பக்கத்து நாடுகளின் மொழிகள். மொழிகளுக்குள் உறவே இல்லை. நோர்வே மொழியில் வாயைத் திறந்தால் பின்லாந்துச் சொல் வரும். சந்தையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுக்கிறமாதிரி இருக்கும். அந்தப் பெண்மணி ஒரு முறை வைத்திருந்தார். நோர்வே மொழிக் கொப்பியை யன்னலோர மேசையில் மட்டும் திறக்கலாம். பின்லாந்துக் கொப்பியைச் சுவரோர மேசையில் மட்டும். இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலம் எழுதக்கூடாது. பொருள் மறந்துபோனால் படம் கீறலாம், அல்லது தமிழில் எழுதலாம். நான் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுப் பதில் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். “யாரிடமோ கேட்டுவிட்டு வந்து சொல்கிறீர். நேரே கேளும், நேரே சொல்லும்” என்பார். மேசை மாறும்போது மூளையும் மாறப் பழகியது. இரண்டிலும் தேறினேன். வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு பரீட்சகர்கள் இரண்டு பக்கமும் இருந்து மாறிமாறிக் கேட்டார்கள். ஒரேயொரு சொல் மட்டும்தான் பக்கம் மாறி விழுந்தது. இதுதான் அருளம்பலம் ஐயா சொல்கிற அரைகுறை.

ஊருக்கு வந்தால் என்னை எங்கே வைப்பது என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. மன்னார் நீதிமன்றத்தின் கோப்பறையில் வைத்தார்கள். அங்கே தலைமை மொழிபெயர்ப்பாளர் அருளம்பலம் ஐயா.

நியாயமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு அவரை மிஞ்ச அந்தக் காலத்தில் வடக்கில் ஆள் இல்லை. கறுப்புக் கோட்டு, முன்னால் தொங்கும் கடிகாரச் சங்கிலி. கேள்வி வந்ததும் கண்ணை மூடுவார். முழுவதையும் கேட்டு முடித்துக் கண்ணைத் திறக்கும்போது தமிழ் தயாராக இருக்கும். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. கண்ணை மூடியிருக்கும்போது நீதவான் துரைகூடப் பேசமாட்டார். அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையில்தான் அவர் கெட்டுப்போனார் என்று நினைக்கிறேன். தனக்குத் தெரியாத மொழி ஒன்று அந்த மண்டபத்துக்குள் வரமுடியும் என்பதையே அவரால் தாங்கமுடியவில்லை.

“என்ன சவிரிமுத்து, கருவாட்டுக்கு உந்தப் பின்லாந்துக்காரர் என்ன சொல்லுவினம்?” என்று எல்லாருக்கும் முன்னால் கேட்பார்.

“குய்வத்து கலா.”

“கேட்டியளே? நாயைக் கலைக்கிற சத்தம் மாதிரிக் கிடக்கு. உதைப் படிக்கவோ கப்பலேறிப் போனனீர்?”

முழுக் கந்தோரும் சிரிக்கும். நான் கோப்பு அடுக்குவேன். இரண்டு வருடம் அடுக்கினேன்.

பிறகுதான் அந்தக் கப்பல் வந்தது. தலைமன்னார் இறங்குதுறைத் திருத்தத்துக்கு மரம் ஏற்றிவந்த சிறிய நோர்வே நீராவிக் கப்பல். கப்டன் காய்ச்சலில் படுத்துவிட்டார். துணைக் கப்டன் கப்பலை நடத்தினார். பாதை தவறிக் கரைக்குக் கிட்டவாக வந்து, ஒரு நாள் காலையில் முசலிக்கு நேரே மணல் திட்டில் ஏற்றிவிட்டார். அவசரத்தில் இறக்கிய படகு கவிழ்ந்து சமையற்காரன் ஒருவன் இறந்துபோனான். ஒரு உயிர் போய்விட்டதால் யாராவது பதில் சொல்லியாகவேண்டும். துணைக் கப்டன் ஆளைக் காட்டினார். மீராசாகிபு என்கிற முசலி மீனவர்.

துணைக் கப்டனின் கதை இதுதான். மீராசாகிபு வள்ளத்தில் வந்தார், கயிற்றேணியில் கப்பலில் ஏறினார், தனக்கு இந்தக் கடல் தெரியும் என்று கையால் காட்டினார், போகச் சொன்ன பக்கம் போனோம், தரைதட்டியது. உரிமம் இல்லாமல் வழிகாட்டியது, கவனயீனத்தால் மரணம் விளைவித்தது. நிரூபித்தால் மனிதன் வருடக்கணக்கில் உள்ளே இருக்கவேண்டும்.

மீராசாகிபு சொன்னது வேறு. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தெரியாத வள்ளம் ஆழமில்லாத இடத்துக்கு வந்தால் சத்தம் போட்டுப் பயனில்லை. காற்று கொண்டுபோய்விடும். ஆகவே கிட்ட நிற்பவன் தண்ணீருக்குள் இறங்கித் துடுப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்பான். கடலுக்கு நடுவில் ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதைக் கண்டால் எந்த மடையனுக்கும் விளங்கும். மீராசாகிபு அதைத்தான் செய்தேன் என்றார். அவர் பக்கத்துக்குச் சாட்சி இல்லை. அவர் மட்டும்தான் அங்கே நின்றார்.

விசாரணையின் முதல் நாள் மத்தியானம் நான் கோப்புகளோடு விறாந்தையால் போனேன். தூணுக்குப் பக்கத்தில் அருளம்பலம் ஐயா மீராசாகிபுவிடம் கதைத்துக்கொண்டிருந்தார். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“மீராசாகிபு, வெள்ளைக்காரன் சத்தியம் பண்ணிச் சொல்லிப்போட்டான். நீ ஓம் எண்டு ஒத்துக்கொள். துரை இரக்கம் பாத்து ஆறு மாசத்தோட விடுவார்.”

“ஏறாத கப்பலில ஏறினனான் எண்டு எப்பிடி ஐயா சொல்லுறது? அல்லா அறிவான், நான் தண்ணிக்க நிண்டனான்.”

“அல்லா கோட்டில வந்து சொல்லமாட்டார். உன்ர விறைப்புக்கு இன்னும் ரெண்டு வருசம் கூடக் கிடைக்கும். யோசிச்சுக்கொள்.”

நான் கோப்புகளோடு என் பாட்டில் போனேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

இரண்டாம் நாள் ஹெய்க்கி என்கிற மாலுமியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். தரைதட்டியபோது கப்பலின் முன்மூக்கில் காவல் நின்றவன் அவன்தான். பின்லாந்துக்காரன். தன் மொழியைத் தவிர வேறொன்றும் தெரியாது. மாலுமிகளின் மேற்பார்வையாளன் ஊலாவ் நோர்வேயின் வட அந்தத்து ஆள். அவனுக்குப் பின்லாந்து மொழி வரும், ஆங்கிலம் வராது. ஆகவே ஏற்பாடு எப்படி என்றால், ஹெய்க்கி சொன்னதை ஊலாவ் நோர்வே மொழியில் சொல்வான். அதைத் துணைக் கப்டன் ஆங்கிலத்தில் சொல்வார். அதை நீதவான் எழுதிக்கொள்வார். அருளம்பலம் ஐயா கண்ணை மூடித் திறந்து அதை மீராசாகிபுவுக்குத் தமிழில் சொல்வார். ஒரு கேள்வி போய்வருவதற்குள் ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிக்கலாம். குற்றஞ்சாட்டும் மனிதனே சாட்சியை மொழிபெயர்க்கிறான் என்பது அங்கே யாருக்கும் உறுத்தவில்லை.

நீதவான் கேட்டிருந்த பழைய கோப்பு ஒன்றைக் கொண்டு நான் உள்ளே வந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். இரண்டு வருடத்துக்கு மேலாக என் காதில் விழாத மொழி.

உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு வாக்கியம் எனக்குப் பிடிபடவில்லை. நான் படித்தது புத்தகப் பேச்சு. அவன் பேசியது கடற்கரைப் பேச்சு. பிறகு மூன்றாவது வாக்கியம் தெளிவாக விழுந்தது. “மியெஸ் ஸெய்ஸொய் மெரெஸ்ஸா.” கடலில் ஒரு மனிதன் நின்றான். சொல்லிவிட்டுத் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினான்.

ஊலாவ் வாயைத் திறந்தான். அந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கவில்லை. காலையில் விறாந்தையில் எங்கள் ஆட்களைப் பார்த்து இளித்துக்கொண்டு நின்றவன். இவன்தான் கெடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன் நோர்வே மொழியில் சொன்னது சுத்தம். மனிதன் ஒருவன் கடலில் நின்றான், தண்ணீர் இடுப்பளவு, துடுப்பு தலைக்குமேல். ஒன்றையும் விடவில்லை.

துணைக் கப்டன் நீதவானைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: “கடலிலிருந்து ஒரு மனிதன் வள்ளத்தில் வந்து கப்பலில் ஏறினான் என்கிறான்.”

அருளம்பலம் ஐயா கண்ணைத் திறந்து அதைத் தமிழில் சொன்னார். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

பின்லாந்து மொழி மட்டும் தெரிந்திருந்தால் உண்மை எங்கோ தொலைகிறது என்று மட்டும் எனக்குத் தெரிந்திருக்கும். ஊலாவ்மீது பழியைப் போட்டிருப்பேன். நோர்வே மொழி மட்டும் தெரிந்திருந்தால், ஊலாவ் ஒழுங்காகச் சொல்கிறானா என்று யாருக்குத் தெரியும்? இரண்டும் தெரிந்ததால் எந்த வாயில் வைத்து அது கொல்லப்படுகிறது என்று கண்ணால் பார்த்தேன்.

ஆனாலும் உடனே எழும்பவில்லை. கோப்பறைக்காரன் நீதிமன்றத்தில் வாய் திறந்தால் வேலை போகும். ஐந்து பதில்கள் அந்த வழியிலேயே போயின. ஐந்தும் மீராசாகிபுவின் கழுத்தைச் சுற்றின. அவர் கூண்டில் நின்று தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாட்சியம் முடிந்ததும் அதை முழுவதும் சாட்சிக்கு அவனுடைய மொழியில் வாசித்துக் காட்டவேண்டும். அவன் சரி என்றால் கையெழுத்து. கீழே மொழிபெயர்ப்பாளர் ‘உண்மையாக மொழிபெயர்க்கப்பட்டது’ என்று எழுதி ஒப்பமிடவேண்டும். கோழிக் களவு வழக்கிலும் இந்த முறை தவறாது. அன்று நீதவான் கேட்டார்: “வாசித்துக் காட்டியாயிற்றா?”

“அது தேவைப்படாது ஐயா, துணைக் கப்டன் உறுதிசெய்கிறார்” என்றார் அருளம்பலம் ஐயா. பேனாவை எடுத்து ஒப்பமும் இட்டார்.

அந்தக் கையெழுத்தைக் கண்டதும் எனக்குப் பயம் போய்விட்டது.

“வாசிக்கவில்லை ஐயா” என்றேன் ஆங்கிலத்தில். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

அருளம்பலம் ஐயா திரும்பினார். “வெளியில போம்! இது கோப்பறையில்ல” என்று பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். “வாசிக்க ஆர் இருக்கினம்? நீரோ?”

“ஓம். நான்தான்.”

சனம் சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை. சாட்சியம் கேட்கும்போதெல்லாம் பேனாக்கத்தியால் பென்சில் சீவிக்கொண்டிருப்பது அவர் பழக்கம். கத்தியைக் கீழே வைத்தார். “உமக்கு இதில் எந்த மொழி தெரியும்?”

“இரண்டும் ஐயா.”

“இரண்டையும் யார் படிப்பார்கள்?”

“நான் படித்தேன் ஐயா. பல்கலைக்கழகத்தில். ஒன்றாக.”

வேதப் புத்தகத்தில் சத்தியம் செய்வித்தார். எழுதியிருந்த ஆங்கில வாக்குமூலத்தை ஹெய்க்கிக்கு அவனுடைய மொழியில் வாசித்தேன். மூன்றாம் வரியில், மனிதன் கப்பலில் ஏறினான் என்ற இடத்தில், ஹெய்க்கி கூண்டின் கட்டையை ஓங்கி அடித்தான். “எய்! எய்!” இல்லை என்று அர்த்தம். இதற்கு யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. அதே நேரம் ஊலாவ் எழும்பித் துணைக் கப்டனைப் பார்த்து நோர்வே மொழியில் கத்தினான்.

“அவன் என்ன சொல்கிறான்?”

“‘நான் உம்மிடம் சொன்னது இது அல்ல, என் வாயை ஏன் பொய்யாக்கினீர்’ என்று கேட்கிறார் ஐயா.”

துணைக் கப்டன் முகம் சிவந்து எழும்பினார். இந்தச் சுதேசிக் குமாஸ்தா எல்லாவற்றையும் கற்பனை செய்கிறான், இவனுக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதற்கு என்ன சாட்சி என்றார்.

கேள்வி நியாயமானது. நீதவான் அதற்குச் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என்னையும் துணைக் கப்டனையும் வெளியே அனுப்பி, ஆளுக்கொரு பொலிஸ்காரரைப் பக்கத்தில் நிறுத்தினார். சிறிது நேரத்தில் உள்ளே கூப்பிட்டார். “நீங்கள் வெளியே நின்றபோது நான் இந்த இருவருக்கும் வெவ்வேறாக ஒவ்வொரு காரியம் செய்து காட்டினேன். என்ன என்று கேட்டுச் சொல்லும்.”

ஹெய்க்கியைக் கேட்டேன். “உங்கள் கடிகாரத்தை முதலில் சட்டைப் பையில் போட்டீர்களாம் ஐயா. பிறகு எடுத்து மைக்கூட்டுக்குப் பின்னால் வைத்தீர்களாம்.”

நீதவான் மைக்கூட்டை நகர்த்தினார். கடிகாரம் இருந்தது.

ஊலாவைக் கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டு எனக்கே தயக்கமாக இருந்தது. “பென்சிலை இரண்டாக முறித்து ஒரு துண்டை யன்னலால் எறிந்தீர்களாம் ஐயா. அது கழுதையில் பட்டதாம்.”

“எறிந்தது சரி,” என்றார் நீதவான். “கழுதை?”

காவலாளி ஓடிப்போய்ப் பார்த்தான். யன்னலுக்குக் கீழே கழுதை நின்றது. அதன் காலடியில் பென்சில் துண்டு கிடந்தது. நீதவானுக்கே தெரியாத செய்தியை ஊலாவ் சொல்ல, நான் கொண்டுவந்திருந்தேன். அன்று மன்னார் நீதிமன்றம் சிரித்த சிரிப்புக்குக் கழுதையே பயந்து ஓடியது. இந்தத் தரம் சிரிப்பு என் பக்கம்.

முழுச் சாட்சியமும் மறுபடி எடுக்கப்பட்டது. நடுவில் ஒரு வாய், என்னுடையது. மனிதன் கடலில் நிற்கிறான் என்று ஹெய்க்கி மூன்று தரம் மேல்தளத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறான். ஊலாவ் அதை நோர்வே மொழியில் துணைக் கப்டனிடம் சொல்லியிருக்கிறான். “மீன் விற்க வந்தவன், விடு” என்று பதில் வந்ததாம். இருவரையும் தனித்தனியே கேட்டபோதும் அதே பதில். அருளம்பலம் ஐயா ஒப்பமிட்ட பழைய தாளை நீதவான் சிவப்பு மையால் குறுக்கே வெட்டினார். ஐயா, நீங்கள் கேட்டதாக எழுதியிருக்கும் சாமர்த்தியமான கேள்விகள் எதுவும் அந்த மண்டபத்தில் எழவில்லை. நீங்கள் உங்கள் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். மொழிபெயர்ப்பதற்காக மூடவில்லை.

மூன்றாம் நாள் காலை எல்லாரும் கடலுக்குப் போனோம். பின்லாந்துக்காரன் பொய் சொல்கிறான், அந்த இடத்தில் மனிதன் நிற்கவே முடியாது என்று துணைக் கப்டன் கடைசியாகப் பிடித்த பிடிக்காகத்தான். கப்பல் இன்னும் திட்டில் சரிந்து கிடந்தது. ஹெய்க்கி முன்மூக்கில் பழைய இடத்தில் ஏறி நின்று கையை நீட்டினான். நாங்கள் படகை அங்கே விட்டோம். மீராசாகிபுவின் விலங்கைக் கழற்றினார்கள். சாரத்தை மடித்துக் கட்டி, துடுப்பை எடுத்து இறங்கினார். தண்ணீர் இடுப்பளவு. துடுப்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, கப்பலைப் பார்த்து, அசையாமல் நின்றார்.

நீதவான் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “மூன்று மைலுக்கு அப்பாலும் எனக்கு இது விளங்கியிருக்கும்” என்றார். துணைக் கப்டன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரில் நின்றபடியே மீராசாகிபு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, அந்த மேல நிக்கிறவரிட்டக் கேளுங்கோ. நான் நிண்டதைக் கண்டவர்தானே, கடலில பாஞ்சு கரைக்கு வந்து சொல்லியிருந்தா இவ்வளவு கரைச்சல் வந்திருக்காதே?”

கேட்டேன். ஹெய்க்கி வெட்கப்பட்டுப் பதில் சொன்னான்.

“அவருக்கு நீந்தத் தெரியாதாம் காக்கா” என்றேன். முசலியில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“என்னது? கப்பல்காரனுக்கோ?” மீராசாகிபு துடுப்பை இறக்கிவிட்டுச் சிரித்தார். “வரச் சொல்லுங்கோ. நான் பழக்கிவிடுறன். தண்ணி இடுப்பளவுதான் எண்டும் சொல்லுங்கோ.”

அதையும் சொன்னேன். பின்லாந்து மொழியிலிருந்து நேரே தமிழ், தமிழிலிருந்து நேரே பின்லாந்து மொழி. ஆங்கிலம் படகில் சும்மா இருந்தது. உலகத்தில் அதற்குமுன் யாராவது அதைச் செய்திருப்பார்களா தெரியாது. எனக்கு அப்போது உடம்பே பறப்பதுபோல் இருந்தது. யார் என்ன சொன்னாலும் சரி, அந்த நிமிடம் என்னுடையது.

மீராசாகிபு அன்று பின்னேரமே வீட்டுக்குப் போனார். துணைக் கப்டனின் காரியத்தைக் கொழும்பு பார்த்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் எனக்கும் துறைமுகக் கந்தோருக்கு மாற்றம் வந்தது. இருபது வருடத்துக்கு மேல் அங்கே வேலை செய்தேன். நோர்வேக் கப்பலோ பின்லாந்துக் கப்பலோ வந்து சச்சரவு என்றால் சவிரிமுத்தைக் கூப்பிடு என்பார்கள். கத்தியோடு நின்றவர்களைப் பேசிப் பிரித்திருக்கிறேன். சாகக் கிடந்தவனின் கடைசிச் சொல்லை அவன் தாய்க்கு எழுதியிருக்கிறேன். எந்த விசாரணையிலும் வாசித்துக் காட்டாமல் ஒரு தாளிலும் ஒப்பமிட்டதில்லை. என்னிடம் பழகியவர்களுக்கும் அதை விட்டுக்கொடுக்காமல் பழக்கினேன். அவர்களில் ஒருவரும் இதுவரை பிழைவிடவில்லை.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போகிறான் என்று எல்லாரும் பேசுகிற இந்த நாட்களில், நம்முடைய கந்தோர்களை நாமே நடத்தப்போகிறோம். அப்போது பிள்ளைகள் உங்களுடைய நினைவுகளைப் படித்து, இரண்டு மொழிகளை ஒன்றாகப் படித்தவன் அரைகுறை, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிட்டவன் நிபுணன் என்று நினைக்கக்கூடாது.

என்னைப் பற்றி நீங்கள் எழுதியதைத் திருத்தச் சொல்லிக் கேட்கமாட்டேன். அதை நானே திருத்திவிட்டேன். என் கேள்வி வேறு. விறாந்தைத் தூணடியில் நின்று, செய்யாத குற்றத்துக்கு ஓம் எண்டு ஒத்துக்கொள் என்று மீராசாகிபுவிடம் சொன்னீர்களா, இல்லையா? அவர் முசலியில் இன்னும் உயிரோடு இருக்கிறார். எழுத்து வாசிக்கத் தெரியாது. அவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். பத்திரிகை வருகிற நாளில் அவர்கள் அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.